தமிழ் இணையதளத்தில் அணுகல் தடைகள்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் முறை

மாற்றுத்திறனாளிகளிடமிருந்து ஓர் இணையதளத்தைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒற்றை வரியில்தான் இருக்கும். ‘பக்கம் படிக்கவில்லை’ என்பார் ஒருவர். ‘விண்ணப்பத்தை நிரப்ப முடியவில்லை’ என்பார் இன்னொருவர். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் பிழை எது என்பதைத் தளத்தை நடத்துபவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். புகார்கள் எத்தனை விதமாக வந்தாலும் அவற்றின் காரணங்கள் அவ்வளவு விதமாக இருப்பதில்லை. வெப்எய்ம் என்ற அமெரிக்க நிறுவனம் 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவி கொண்டு சோதித்து வருகிறது. அதன் 2025ஆம் ஆண்டு ஆய்வில் 94.8 விழுக்காடு பக்கங்களில் பிழை காணப்பட்டது. அந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகைகளில் அடங்கிவிட்டன: மங்கிய எழுத்து நிறம், விளக்கமில்லாத படம், பெயரில்லாத படிவப் பெட்டி, வெறுமையான இணைப்பு, வெறுமையான பொத்தான், மொழி குறிப்பிடப்படாத பக்கம். இந்த ஆறும் தமிழ்த் தளங்களிலும் உண்டு. அவற்றோடு, தமிழ் எழுத்துக்கும் எழுத்துருவுக்கும் உரிய சில பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆங்கில வழிகாட்டிகளில் இவற்றுக்குத் தீர்வு கிடைக்காது என்பதால் இங்கே அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

## தொடங்கும் முன்

சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. திரையில் உள்ளதைப் பேச்சாகப் படித்துக் காட்டும் மென்பொருளே திரைவாசிப்பான். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, பார்வையற்ற இன்னோர் ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த மென்பொருள் இது. இதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் தமிழ்க் குரலும் இருக்கிறது. அந்தக் குரல் இயந்திரத்தனமாக ஒலிக்கும், முதலில் கேட்பவருக்குப் புரியாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டால், பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் எழுத்தாகத் திரையில் ஓடும். பார்வையுள்ள டெவலப்பருக்கு இதைவிடப் பயனுள்ள சன்னல் வேறில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே இருக்கின்றன. அமைப்புகளுக்குள் சென்று இயக்கினால் போதும்.

மவுஸைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் விசைப்பலகையை மட்டும் கொண்டு செய்ய வேண்டியவை. மவுஸ் பக்கத்தில் இருந்தால் கை தானாக அதை நோக்கிப் போய்விடும், பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

## அறிகுறி: பக்கம் திறந்ததும் உளறல் கேட்கிறது, அல்லது ஒன்றுமே கேட்கவில்லை

இந்த ஒரே அறிகுறிக்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிய ஒரு சிறு சோதனை உண்டு: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

ஒட்டிய இடத்தில் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால், அந்தப் பக்கம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. இலங்கையில் பாமினியும் தமிழக அலுவலகங்களில் வானவில்லும் பரவலாகப் புழங்கியவை. டிஸ்கி, டாப், டாம் ஆகியவையும் உண்டு. ‘அம்மா’ என்ற சொல் பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் கண்ணுக்குக் காட்டுகிறது. எழுத்துருவைப் பார்க்க இயலாத திரைவாசிப்பானுக்கு அந்த ஐந்து குறிகள் மட்டுமே கிடைக்கின்றன. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும், பழைய அறிவிப்புகளைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி வெளியிடும் பழக்கம் இருக்கும் வரை இந்தப் பிழை புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் குறியாக்க மாற்றிகளைக் கொண்டு மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும் முன், பக்கத்துக்குள் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிகளையும் இணைய முகவரிகளையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் தமிழெழுத்துக் குவியலாக்கிவிடும், அது முதலில் இருந்ததைவிட மோசமான பிழை.

ஒட்டிய இடத்தில் தமிழ் சரியாகவே வந்தால், பிழை மொழிக் குறிப்பில் இருக்கிறது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தொடக்கக் குறிச்சொல்லில் ‘லாங்’ என்ற பண்பு உண்டு. தமிழ்ப் பக்கத்தில் அதன் மதிப்பு டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளாக இருக்க வேண்டும். ஆங்கில டெம்ப்ளேட்டை வாங்கித் தமிழால் நிரப்பிய தளங்களில் அது அமெரிக்க ஆங்கிலம் என்றே தங்கிவிடுகிறது. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறுகிறது. அந்தக் குரல், பேச்சுப்பொறியைப் பொறுத்து, தமிழ் வரிகளில் மௌனமாகிவிடும் அல்லது ஒவ்வோர் எழுத்தாகப் பொருளற்று உச்சரிக்கும். கணினியில் தமிழ்க் குரலை நிறுவி வைத்திருப்பவருக்கும் இதே கதிதான், ஏனெனில் எந்தக் குரல் பேச வேண்டும் என்பதைப் பக்கமே தவறாகச் சொல்கிறது. வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் பொது அமைப்புகளில் தள மொழியைத் தமிழுக்கு மாற்றினால் பெரும்பாலான தீம்களில் இது சரியாகிவிடும். தமிழ்ப் பக்கத்துக்குள் ஒரு முழு ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலம் என்று தனியே குறிப்பிட வேண்டும். பெயர்ச்சொற்களுக்கும் தமிழில் கலந்துவிட்ட தொழில்நுட்பச் சொற்களுக்கும் அது தேவையில்லை. ஒரே வாக்கியத்தில் குரல் நான்கு முறை மாறினால் கேட்பவரால் பின்தொடரவே முடியாது.

நகலெடுக்கவே முடியாவிட்டால் அது படம். அறிவிப்பைச் சுவரொட்டி போல வடிவமைத்துப் படமாக ஏற்றுவது நம் ஊர்த் தளங்களில் மிகவும் வழக்கம். அந்த இடத்தில் திரைவாசிப்பான் ‘கிராஃபிக்’ என்று மட்டும் சொல்லும். படமே இணைப்பாகவும் இருந்தால் கோப்பின் பெயரை எண்ணெண்ணாகப் படிக்கும். ‘அறிவிப்பு’ என்ற ஒரு சொல்லை, படத்துக்கான எழுத்து விளக்கத்தைத் தாங்கும் ஆல்ட் பண்பில் போட்டுவிட்டால் சோதனைக் கருவி பிழையில்லை என்று சொல்லிவிடும், ஆனால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பது பார்வையற்றவருக்கு அப்போதும் தெரியாது. சுவரொட்டியில் உள்ள செய்தி முழுவதையும் படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட்டு, ஆல்ட் பண்பில் ‘உதவித்தொகை அறிவிப்பு, முழு விவரம் கீழே’ என்று எழுதுவதே சரியான தீர்வு. வெறும் அலங்காரப் படமாக இருந்தால் ஆல்ட் பண்பை நீக்காமல், வெறுமையாக விடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் செல்லும்.

நான்காவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. குரல் மொத்தத்தில் சரியாகப் படிக்கிறது, இடையில் சில சொற்களில் மட்டும் தடுமாறுகிறது என்றால், உருவத்தில் ஒத்த வேறு எழுத்தைத் தட்டச்சர் போட்டிருக்கக்கூடும். ‘கௌரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தனி எழுத்தாகச் சேர்த்து ‘கெளரி’ என்று எழுதுவது மிகவும் பரவலான பிழை. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று, குரலோ ‘கெ-ள-ரி’ என்று படிக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைப் போடுவதும், எகரத்துக்குப் பதில் அதே வடிவமுள்ள தமிழ் எண் ஏழைப் போடுவதும் இதே வகை. தளத்துக்குள் ‘கௌ’, ‘மௌ’, ‘பௌ’ ஆகியவற்றைச் சரியாகத் தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடலில் அகப்படாவிட்டால் பிழை அங்கேதான். திருத்தியபின் கூகுள் தேடலிலும் அந்தப் பக்கம் கிடைக்கத் தொடங்கும்.

## அறிகுறி: விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பெட்டியில் எதை எழுதுவதென்று தெரியவில்லை

என்விடிஏவை இயக்கிக்கொண்டு படிவத்தின் முதல் பெட்டிக்கு டேப் விசையால் செல்லுங்கள். ‘விண்ணப்பதாரர் பெயர், எடிட், பிளாங்க்’ என்று கேட்டால் நல்லது. ‘எடிட், பிளாங்க்’ என்று மட்டும் கேட்டால் அந்தப் பெட்டிக்குப் பெயரில்லை. பக்கத்திலேயே ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கலாம். ஆனால் அந்த எழுத்துக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைக் கண்தான் ஊகிக்கிறது, நிரலில் எங்கும் சொல்லப்படவில்லை. லேபிள் குறிச்சொல்லின் ‘ஃபார்’ பண்பில் பெட்டியின் அடையாளப் பெயரைக் கொடுத்து இரண்டையும் இணைப்பதுதான் தீர்வு. சரியாக இணைந்திருந்தால் லேபிள் எழுத்தின் மேல் சொடுக்கும்போது கர்சர் பெட்டிக்குள் போய் நிற்கும். கை நடுக்கம் உள்ளவருக்கும் அது பெரிய உதவி, ஏனெனில் சொடுக்க வேண்டிய பரப்பு அகலமாகிறது.

பெட்டிக்குள் மங்கலாகத் தெரிந்து, எழுதத் தொடங்கியதும் மறையும் குறிப்பு லேபிளுக்கு மாற்றாகாது. அதைப் போட்டால் போதும் என்று கருதும் வடிவமைப்புகள் நினைவாற்றல் குறைபாடு உள்ளவர்களை நடுவழியில் நிறுத்திவிடுகின்றன: பாதி நிரப்பிய பிறகு இந்தப் பெட்டி எதற்கு என்று சரிபார்க்க வேண்டுமானால் எழுதியதை அழித்தாக வேண்டும்.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு வட்டங்கள் இருக்கும் இடத்தில், கேள்வி எங்கோ மேலே தனிப் பத்தியாக இருந்தால், கேட்பவருக்கு ‘ஆம், ரேடியோ பட்டன்’ என்று மட்டும் கிடைக்கும். எதற்கு ஆம்? கேள்வியையும் விடைகளையும் ஃபீல்ட்செட் என்ற குறிச்சொல்லுக்குள் வைத்து, கேள்வியை லெஜண்ட் குறிச்சொல்லில் எழுதினால் இரண்டும் சேர்ந்து படிக்கப்படும்.

சமர்ப்பித்த பிறகு எதுவுமே நடக்கவில்லை என்ற புகார் இதன் தொடர்ச்சி. தவறாக நிரப்பிய பெட்டியின் ஓரம் சிவப்பாகியிருக்கும், பக்கத்தின் மேலே ஒரு வரி தோன்றியிருக்கும், பார்வையற்றவருக்கு இரண்டும் தெரியாது, நிறம் பிரித்தறிய இயலாதவருக்கு முதலாவது தெரியாது. என்ன தவறு என்பதை அந்தப் பெட்டிக்கு அடுத்தே எழுத்தில் சொல்லுங்கள். திரைவாசிப்பான் போன்றவற்றுக்குக் கூடுதல் தகவல் தரும் பண்புகளுக்கு ஏரியா என்று பெயர். அந்த வரியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை பண்பு மூலம் பெட்டியுடன் இணையுங்கள். ஏரியா-இன்வேலிட் பண்பை இயக்குங்கள். விசைப்பலகை அப்போது இயங்கும் இடமான ஃபோகஸை முதல் தவறான பெட்டிக்குக் கொண்டு போங்கள். ‘தவறான உள்ளீடு’ என்பது யாருக்கும் உதவாத வாசகம். ‘பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்’ என்பது பார்வையுள்ளவருக்கும் உதவும்.

தேதியைக் குறித்து ஒரு வார்த்தை. சின்னஞ்சிறு நாட்காட்டியைத் திறந்து, மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ளி, 1968ஆம் ஆண்டைச் சொடுக்கச் சொல்லும் படிவங்கள் பலருக்குப் பெருந்துன்பம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய பெட்டிகள் போதும். நாட்காட்டி வேண்டுமென்றால் இருக்கட்டும், ஆனால் நேரடியாகத் தட்டச்சு செய்வதை அது தடுக்கக் கூடாது.

## அறிகுறி: டேப் விசையை அழுத்தினால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, அல்லது ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது

கைகளில் வலுக் குறைந்தவர்களும், வாய்க்குச்சி அல்லது ஸ்விட்ச் கொண்டு கணினியை இயக்குபவர்களும் பார்வையுள்ளவர்களே; அவர்களுக்குத் தேவை, ஃபோகஸ் இருக்கும் இடம் பளிச்சென்று தெரிவது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில், ஃபோகஸைச் சுற்றித் தெரியும் கோடான அவுட்லைனை அழகுக்காக முழுவதுமாக நீக்கிவிடும் ஒரு வரி பல தீம்களில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துவிட்டு, ஃபோகஸ்-விசிபிள் நிலைக்குத் தடித்த, பின்னணியிலிருந்து நன்கு வேறுபடும் கோட்டைக் கொடுங்கள். மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைப்புப் பட்டை அந்தக் கோட்டை மறைக்கிறதா என்றும் பாருங்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த, இணைய அணுகலுக்கான பன்னாட்டு நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2 இதைத் தனி நிபந்தனையாகவே சேர்த்திருக்கிறது.

டேப் ஒரு பொத்தானைத் தொடாமலே தாண்டிப் போனால், அது உண்மையில் பொத்தான் அல்ல. வெறும் பெட்டியான டிவ் குறிச்சொல்லுக்கு நிறமும் சொடுக்கு நிரலும் கொடுத்துப் பொத்தான் போலக் காட்டியிருக்கிறார்கள். அதன் மேல் ஏரியா பண்புகளை அடுக்கிச் சரிக்கட்டுவதைவிட, பட்டன் குறிச்சொல்லாக மாற்றிவிடுவதே குறைந்த வேலை. டேப் நிறுத்தமும், என்டர், ஸ்பேஸ் விசைகளும் எழுதாமலே கிடைத்துவிடும்.

சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பாப்-அப் சன்னலில் நேரும். சன்னல் திறந்த பிறகும் ஃபோகஸ் பின்னாலுள்ள பக்கத்திலேயே உலவும். அல்லது சன்னலுக்குள் போய்விட்டு, மூடும் குறி வெறும் படமாக இருப்பதால் வெளியேற வழியின்றி நிற்கும். எச்டிஎம்எல் மொழியில் இன்று டயலாக் என்ற குறிச்சொல்லே இருக்கிறது. அதை மோடலாகத் திறந்தால் பின்புறப் பக்கம் தானாகச் செயலிழக்கும், எஸ்கேப் விசையால் மூடலாம். மூடியபின் ஃபோகஸ், சன்னலைத் திறந்த அதே பொத்தானுக்குத் திரும்புகிறதா என்பதை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் நாற்பது மெனு இணைப்புகளைக் கடந்த பிறகே செய்திக்கு வர முடிகிறது என்பது இன்னொரு புகார். பக்கத்தின் முதல் இணைப்பாக ‘முதன்மைப் பகுதிக்குச் செல்க’ என்று ஒன்றை வைத்தால் தீர்ந்தது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் எச் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார்கள் என்பதால், எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்பு போலக் காட்டாமல், உண்மையான தலைப்புக் குறிச்சொற்களையே படிநிலை தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

## அறிகுறி: கடைசிக் கட்டத்தில் கேப்சா, ஓடிபி, முகச் சரிபார்ப்பு ஆகியவற்றில் நின்றுவிடுகிறது

இருபது நிமிடம் செலவிட்டு எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் படிக்கச் சொல்வது பார்வையற்றவரிடம் கதவை மூடுவதற்குச் சமம். ஒலி வடிவக் கேப்சா பாதித் தீர்வே. காதும் கேளாதவர்களுக்கு அதுவும் இல்லை, தமிழ்ப் படிவத்தில் அமெரிக்க உச்சரிப்பில் இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் எழுத்துகளை நன்றாகக் காது கேட்பவர்களே பிடிக்கத் தடுமாறுகிறார்கள். ஓடிபி ஏற்கெனவே கேட்கப்படும் படிவத்தில் கேப்சா எதற்கு என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். பல தளங்களில் அதை நீக்கிவிடலாம். வேண்டும்தான் என்றால், மனிதருக்குத் தெரியாத மறைவுப் பெட்டி, சர்வர் பக்கத்தில் கோரிக்கைகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற, பயனரிடம் எந்த வேலையும் வாங்காத தடுப்புகள் இருக்கின்றன.

ஓடிபி பெட்டியை ஆறு தனிக் கட்டங்களாகப் பிரித்திருந்தால் ஒரே பெட்டியாக்குங்கள். ஒட்டுவதைத் தடுக்கும் நிரல் இருந்தால் நீக்குங்கள். எண்ணை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்ய இயலாதவர்கள் இருக்கிறார்கள். நேர வரம்பு முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரே விசையில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது இருபது வினாடி அவகாசம் தர வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி. பாதுகாப்புக் காரணத்தால் அமர்வு முடிந்தே தீர வேண்டுமென்றால், நிரப்பிய விவரங்களையாவது சேமித்து வையுங்கள்.

‘கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும்’ என்று கேட்கும் சரிபார்ப்பைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அமிலவீச்சால் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, கண் சிமிட்டலைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது உட்பட இருபது கட்டளைகளைப் பிறப்பித்தது. ஆகவே உங்கள் தளத்தில் இந்தச் சரிபார்ப்பு இருந்தால், மாற்று வழியைப் படிவத்தின் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் காட்டுங்கள். தொலைபேசியில் கேட்டால் சொல்வோம் என்பது மாற்று வழி ஆகாது.

## அறிகுறி: எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மோதுகின்றன, அறுபடுகின்றன, மங்கலாக இருக்கின்றன

குறைபார்வை உள்ளவர்கள் திரைவாசிப்பானை நாடாமல் பக்கத்தைப் பெரிதாக்கியே படிப்பார்கள். 1280 பிக்சல் அகலமுள்ள சன்னலில் 400 விழுக்காடு வரை பெரிதாக்கிப் பாருங்கள். அது 320 பிக்சல் அகலத் திரைக்குச் சமம். பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும். தமிழில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு: ‘மாற்றுத்திறனாளிகளுக்கான’ போன்ற நீண்ட சொற்கள் பெட்டியைத் தாண்டி ஓடும். ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சிஎஸ்எஸ் பண்பு சொல்லை மடக்கிக் கொடுக்கும். பத்திகளை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தும் அமைப்பையும் கைவிடுங்கள். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே அது பெரும் வெற்றிடங்களை உண்டாக்கிக் கண்ணை வழிதவறச் செய்கிறது.

ஆங்கிலத்துக்காக வரையறுத்த வரி உயரமும் நிலையான பொத்தான் உயரமும் தமிழ் எழுத்தை மேலும் கீழும் வெட்டிவிடும். மேலே புள்ளி வெட்டுப்பட்டால் ‘ம்’ வெறும் ‘ம’ ஆகிறது. கீழே வெட்டுப்பட்டால் ‘ரு’வின் சுழி போய் ‘ர’வாகத் தெரிகிறது. வரி உயரத்தைக் குறைந்தது 1.5 மடங்காக வையுங்கள். பொத்தான்களுக்கு உயரத்தையும் அகலத்தையும் நிலையாகக் கொடுக்காமல் உள்ளிடைவெளியை மட்டும் கொடுங்கள். வளைவுகள் நெருங்கிய நம் எழுத்துக்கு 16 பிக்சல் போதாது, 18 வேண்டும் என்பது என் கருத்து.

நிறத்துக்கு அளவுகோல் தெளிவாக உண்டு: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற சாம்பல் நிறம் 2.85:1 மட்டுமே தருகிறது, 777777கூட 4.48:1 என்று மயிரிழையில் தவறுகிறது, 767676 தேறுகிறது. மெல்லிய கோடுகளைக் கொண்ட தமிழ் எழுத்துருவுக்கு இதைவிட அடர்ந்த நிறத்தையே தேர்ந்தெடுங்கள். கைபேசியில் இரு விரலால் பெரிதாக்கவே முடியவில்லை என்றால், பக்கம் கைபேசித் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியில் பெரிதாக்கலைத் தடுக்கும் அமைப்பு இருக்கும், அதை நீக்குங்கள்.

## அறிகுறி: பிடிஎஃப் கோப்பு படிக்கவில்லை

ஸ்கேன் செய்த அரசாணையோ சுற்றறிக்கையோ வெறும் படம்தான். திரைவாசிப்பான் வெற்று ஆவணம் என்று சொல்லும். டெசராக்ட் போன்ற தமிழ் அறிந்த எழுத்துணரி மென்பொருளால் அதை எழுத்தாக்கலாம், ஆனால் எண்களையும் தேதிகளையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

யூனிகோடில் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப்பும் தமிழில் நம்பத்தக்கதல்ல. அந்தக் கோப்பு எழுத்தின் வடிவங்களைத் திரையில் தெரியும் வரிசையில் அடுக்கி வைக்கிறது. எனவே ‘கெ’ என்பதை நகலெடுக்கும்போது கொம்பு முன்னேயும் ககரம் பின்னேயுமாகப் பிரிந்து வருவதும், சில கூட்டெழுத்துகள் காணாமல் போவதும் அடிக்கடி நேர்கின்றன. வேர்டிலிருந்து அமைப்புக் குறிச்சொற்களோடு சேமித்தால் தலைப்புகளும் அட்டவணைகளும் தப்பிக்கும், ஆனால் எழுத்துச் சிதைவு ஒவ்வொரு முறையும் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் என் பரிந்துரை எளியது: பிடிஎஃப் தரவிறக்கத்துக்கு இருக்கட்டும், அதே செய்தியைச் சாதாரண வலைப்பக்கமாகவும் வெளியிடுங்கள்.

## அறிகுறி: வீடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை

வசனவரி இல்லாததுதான் காரணம். இயந்திரம் தானாக எழுதும் தமிழ் வசனவரியை அப்படியே விடாமல், பெயர்களையும் தொகைகளையும் திருத்திய பின் வெளியிடுங்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி என்பதால், முக்கிய அறிவிப்புகளுக்கு இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளரையும் திரையில் காட்டுவது நல்லது. முகபாவமும் விரல்களும் தெரியும் அளவுக்கு அந்தச் சன்னல் பெரிதாக இருக்க வேண்டும். திரையில் மட்டும் காட்டப்படும் தொலைபேசி எண்ணைப் பேசுபவர் வாயாலும் சொல்லிவிட்டால், பார்வையற்றவருக்குத் தனி விவரிப்பு தேவைப்படாது.

## அறிகுறி: அணுகல் கருவிப்பட்டையை நிறுவியும் புகார் நிற்கவில்லை

சக்கர நாற்காலி உருவம் போட்ட சின்னம், அதைச் சொடுக்கினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் பட்டியல்: ஒரே வரி நிரலில் தளம் முழுவதும் நெறிமுறைக்கு உட்பட்டுவிடும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். மேலே சொன்ன பிழைகளில் எதையும் இது உள்ளிருந்து திருத்துவதில்லை. பெயரில்லாத பெட்டிக்கு அந்தப் பெயர் என்ன என்பது கருவிக்குத் தெரியாது. ஆக்சஸிபி என்ற நிறுவனம் இத்தகைய உறுதிமொழியைக் கொடுத்ததற்காக 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் உத்தரவுப்படி பத்து லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. பக்கத்தைப் படித்துக் காட்டும் வசதியும் பட்டையில் இருந்தாலும், திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு குரல் தேவையில்லை. அந்தச் செலவைப் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஊதியம் கொடுத்துத் தளத்தைச் சோதிக்கச் செய்வதற்குப் பயன்படுத்துங்கள். ஒரு பிற்பகலில் அவர் காட்டிக்கொடுக்கும் தடைகளை எந்தக் கருவியும் காட்டாது.

## அறிகுறி: சரிசெய்த பிழை சில மாதங்களில் திரும்பி வருகிறது

பிழை டெம்ப்ளேட்டில் இருக்கிறதா, செய்தியை ஏற்றுபவரின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பிழை எல்லாப் பக்கங்களிலும் இருந்தால் டெம்ப்ளேட்டில். தீம் புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்திருக்கும், அதை, மூலத் தீமைத் தொடாமல் உங்கள் மாற்றங்களை மட்டும் தாங்கும் சைல்டு தீமுக்கு மாற்ற வேண்டும். புதிய பக்கங்களில் மட்டும் இருந்தால், ஏற்றுபவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆல்ட் விளக்கம் இல்லாமல் படத்தை வெளியிட முடியாதபடி தளத்தையே அமைத்துவிடுவது, சுற்றறிக்கை அனுப்புவதைவிடப் பலன் தரும்.

புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சலும் ஒரு தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். புகார் வந்தால், எந்தப் பக்கம், எந்த உலாவி, எந்தத் திரைவாசிப்பான், கடைசியாக என்ன கேட்டது அல்லது எங்கே நின்றது என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிப் புகாரை உங்கள் மேசையில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க அது போதும். திருத்தியபின் உங்கள் கணினியில் சரியாக இருப்பதை மட்டும் வைத்து அந்தப் புகாரை முடிக்காதீர்கள். புகார் கொடுத்தவரிடமே பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசி நாள் கடந்திருந்தால், அவருடைய விண்ணப்பத்தை ஏற்க வழி செய்வதும் அந்தப் பிழையைத் திருத்தும் வேலையில் அடங்கும்.